துப்பாக்கிக் குழலுக்குள் ஒரு வேதியியல் பாடம்

நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் இடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பால் காய்ச்சிய பாத்திரத்தில் உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். எண்ணெய்ச் சட்டிக்குச் சீயக்காய்த் தூளோ சோப்போ வேண்டும். பித்தளைக் குடம் புளி போட்டுத் துலக்கினால்தான் பளபளக்கும். விறகடுப்பில் கரி பிடித்த பானையின் அடியைத் தேங்காய் நாரும் சாம்பலும் கொண்டு தேய்க்க வேண்டும். வேதியியல் என்ற சொல்லையே கேட்டறியாத நம் பாட்டிமார்கள், எந்த அழுக்குக்கு எந்தப் பொருள் என்பதைச் சரியாக அறிந்து வைத்திருந்தார்கள். பித்தளைக் குடத்தைச் சீயக்காய் கொண்டு நாள் முழுவதும் தேய்த்தாலும் களிம்பு போகாது. அங்கே உழைப்புக் குறைவில்லை, அறிவுதான் குறைவு.

இந்த அடுக்களை அறிவு ஒரு போர்க் கருவிக்கும் அப்படியே பொருந்தும். அதை மறந்ததால் இளம் வீரர்கள் பலர் உயிரிழந்த வரலாறும் உண்டு. அதைத்தான் இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

பெண்கள் பள்ளியின் ஆண்டு மலரில் துப்பாக்கி எதற்கு என்று பெற்றோர் சிலர் நினைக்கலாம். நம் நாட்டில் தேசிய மாணவர் படை 1948-ல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, அதாவது 1949-ல், மாணவியர் பிரிவும் தொடங்கப்பட்டது. அன்று முதல் எத்தனையோ மாணவியர் முகாம்களில் 0.22 அங்குலத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக் குறி பார்த்துச் சுடப் பழகியிருக்கிறார்கள். சுடுவதற்குப் பழகியவள் துடைக்கவும் பழக வேண்டும். படையில் சேராத மாணவியரோ, மேனிலை வகுப்பு வேதியியலில் தாங்கள் படித்தவை வெளியுலகில் எப்படிப் பயன்படுகின்றன என்பதை இங்கே காணலாம்.

தானே குண்டேற்றும் துப்பாக்கி

பழைய துப்பாக்கிகளில் ஒருமுறை சுட்டபின், போல்ட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, மறுபடி முன்னுக்குத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இந்த வேலையைத் துப்பாக்கியே செய்துகொள்கிறது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு பாயும். அடுத்த தோட்டா தானாகவே அறைக்குள் வந்து அமரும்.

இதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது? வெடிமருந்து எரியும்போது உண்டாகும் வாயுதான் குண்டை முன்னே தள்ளுகிறது. குழலின் முன்பகுதியில் ஒரு சிறு துளை உண்டு. குண்டு அதைக் கடந்தவுடன் வாயுவில் ஒரு சிறு பகுதி அத்துளை வழியே வெளியேறி, ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டன் போல்ட்டைத் தள்ளுகிறது. பின்னால் உள்ள சுருள்வில் போல்ட்டை மறுபடி முன்னுக்குக் கொண்டு வருகிறது. இவையெல்லாம் கண் இமைக்கும் நேரத்துக்குள் நடந்து முடிகின்றன.

அமெரிக்கப் படை 1936-ல் ஏற்றுக்கொண்ட எம்-1 கேரண்ட் இவ்வகையைச் சேர்ந்தது. கனடா நாட்டின் கியூபெக் மாநிலத்தில் பிறந்த ஜான் கேரண்ட் என்பவர் அதை வடிவமைத்தார். அதில் 8 தோட்டாக்கள் அடங்கிய ஒரு தொகுப்பை ஒரே முறையில் ஏற்றலாம். நம் இந்தியப் படையில் 1960களிலிருந்து பல ஆண்டுகள் பயன்பட்ட 7.62 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியும் இவ்வகையே. மேற்கு வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலையில் அது உருவாயிற்று. 1990களில் இன்சாஸ் துப்பாக்கி வந்து அதன் இடத்தைப் பிடித்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கையால் இயக்கும் துப்பாக்கியில் அழுக்குச் சேர்ந்தால் சற்றுப் பலமாக இழுத்துச் சமாளிக்கலாம். தானே இயங்கும் துப்பாக்கியில் வாயுவின் வழி, பிஸ்டன், போல்ட், சுருள்வில் ஆகிய எல்லாம் அளவோடு பொருந்தி இயங்கினால்தான் அடுத்த தோட்டா ஏறும். வசதி மிகுந்த கருவி அதிகக் கவனிப்பையும் கேட்கிறது. ஆட்டுக்கல்லைக் கழுவினால் போதும். மின் அரவை இயந்திரத்துக்கோ பல இடங்களில் கண் வைக்க வேண்டும் என்பதைப் போன்றதே இது.

நான்கு வகை அழுக்கு

நோயையும் அதன் காரணத்தையும் முதலில் ஆராய்ந்து அறிந்த பிறகே மருந்து தர வேண்டும் என்பது மருத்துவருக்கு வள்ளுவர் கூறும் அறிவுரை. துப்பாக்கியைத் துடைப்பவரும் அப்படியே நடக்க வேண்டும். குழலுக்குள் சேரும் அழுக்கு ஒன்றல்ல, நான்கு.

முதலாவது உப்பு. தோட்டாவின் அடியில் ஒரு சிறு குப்பியில் எரியூட்டும் மருந்து இருக்கும். ஊசி அதைத் தாக்கும்போது தீப்பொறி எழுந்து வெடிமருந்தைப் பற்ற வைக்கிறது. பழைய தோட்டாக்களில் இம்மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு சேர்க்கப்பட்டிருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஆக்சிஜன் தயாரிக்கப் பொட்டாசியம் குளோரேட்டுடன் மாங்கனீசு டை ஆக்சைடைச் சேர்த்துச் சூடாக்குவதைப் படித்திருப்பீர்கள். ஆக்சிஜன் வெளியேறியபின் எஞ்சுவது என்ன? பொட்டாசியம் குளோரைடு. அது நம் சமையல் உப்புக்கு உடன்பிறப்பு போன்றது. ஐப்பசி அடைமழையில் ஜாடியிலுள்ள உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதைப் போலவே குழலுக்குள் படிந்த இந்த உப்பும் காற்றின் ஈரத்தை இழுத்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

நெடுங்காலம் வரை இதன் காரணம் சரியாகப் புரியவில்லை. வெடிமருந்தின் புகையிலுள்ள அமிலமே துருவுக்குக் காரணம் எனப் பலர் நம்பினர். வீரர்கள் எண்ணெய் இட்டு நன்றாகத் துடைத்து வைத்த துப்பாக்கியும் சில நாள்களில் உள்ளே துருப்பிடித்தது. அமெரிக்கச் சுரங்கத் துறையில் பணியாற்றிய வில்பர்ட் ஹஃப் 1922-ல் வெளியிட்ட ஆய்வறிக்கை இப்புதிரை விடுவித்தது. குற்றவாளி எரியூட்டும் மருந்திலிருந்து வந்த உப்பே என்றும், எண்ணெய்ப் படலத்தின் அடியிலேயே அது தன் வேலையைச் செய்கிறது என்றும் அவர் விளக்கினார்.

ஏன் எண்ணெய் உதவவில்லை? உப்பு எண்ணெயில் கரையாது, நீரில் கரையும். ஆகவே அதற்கு மருந்து தண்ணீரே. பிரிட்டிஷ் படையினர் 0.303 துப்பாக்கியைச் சுட்டபின் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிநீர் ஊற்றினார்கள். கொதிநீர் உப்பைக் கரைத்துச் செல்லும். குழலையும் சூடாக்குவதால் மிஞ்சிய ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். அதன் பிறகே உலர்ந்த துணி. அதன் பிறகே எண்ணெய். இரும்புக்குப் பகை என்று நாம் அஞ்சும் தண்ணீரே இங்கே இரும்பைக் காக்கிறது என்பது வியப்பல்லவா?

இந்த உண்மையை அறிந்தவர்கள் கருவியைப் படைக்கும்போதே அதைக் கணக்கில் கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பயன்பட்ட எம்-1 கார்பைன் என்னும் சிறு துப்பாக்கியில், வாயு உந்தும் சிறு பிஸ்டனை வீரன் தானே கழற்றித் துடைக்க முடியாது. எனவே அதன் தோட்டாக்கள் தொடக்கத்திலிருந்தே உப்பு விடாத எரியூட்டும் மருந்தோடு செய்யப்பட்டன. கை எட்டாத இடத்தில் அழுக்கே சேராமல் பார்த்துக்கொண்டார்கள். இன்று தயாராகும் தோட்டாக்களில் பெரும்பாலானவை இந்த உப்பை விடுவதில்லை. ஆயினும் பழைய இருப்பிலுள்ள தோட்டாவைச் சுட்டால் தண்ணீர் வைத்தியம் இன்றும் தேவையே.

இரண்டாவது கரி. வெடிமருந்து எரிந்த புகைக்கரி குழலிலும், பிஸ்டனிலும், போல்ட்டின் முகத்திலும் படியும். புதிதாக இருக்கும்போது துணியால் துடைத்தாலே போகும். நாளானால் அடிப்பிடித்த சோறு போல இறுகிவிடும். இதற்கு மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் ஊற வைத்துப் பிறகு தேய்க்க வேண்டும். சுட்ட அன்றே துடைக்க வேண்டும் என்ற விதி இதனால்தான் பிறந்தது.

மூன்றாவது உலோகம். ராணுவத் துப்பாக்கியின் குண்டுகளுக்குப் பெரும்பாலும் தாமிரக் கலவையாலான மேலுறை உண்டு. வினாடிக்கு 800 மீட்டருக்கும் மேலான வேகத்தில் அது பாயும்போது, குழலின் உட்புறத்திலுள்ள புரிகளில் சிறிது தாமிரம் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்கோ தண்ணீருக்கோ அது அசையாது. அம்மோனியா கலந்த கரைப்பானுக்குத்தான் கரையும். உப்புப் பகுப்பாய்வில் தாமிர உப்புடன் அம்மோனியாவைச் சேர்த்தால் ஆழ்ந்த நீல நிறம் தோன்றுவதைச் செய்து பார்த்திருப்பீர்கள். அதே நீலம் துடைக்கும் துணியிலும் தோன்றும். துணி நீலமாக வரும் வரை உள்ளே தாமிரம் இருக்கிறது என்று பொருள். இது சோதனைக் குழாய் இல்லாமலே நடக்கும் ஒரு பகுப்பாய்வு! ஆனால் துணியை மாட்டும் முனை பித்தளையாக இருந்தால், அதிலுள்ள தாமிரமும் கரைந்து பொய்யான நீலத்தைக் காட்டும். அப்போது நைலான் முனையும் நைலான் தூரிகையும் கொள்வதே நல்லது.

மாணவியர் சுடும் 0.22 துப்பாக்கியில் பயன்படுவது பெரும்பாலும் ஈயக் குண்டு. அது குழலில் ஈயத்தை விட்டுச் செல்லும். இதைக் கரைப்பதை விட, கரைப்பான் தோய்ந்த வெண்கலக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுப்பதே வழக்கம். ஈயம் உடலுக்கு நஞ்சு என்பதை மறக்கக் கூடாது. இன்றைய தோட்டாக்களின் எரியூட்டும் மருந்திலும் பெரும்பாலும் ஈயச் சேர்மம் உண்டு. எனவே துடைத்து முடித்தவுடன் சோப்புப் போட்டுக் கைகளை நன்கு கழுவாமல் எதையும் உண்ணலாகாது.

நான்காவது ஈரமும் தூசியும். கையின் வியர்வை, மழை, பனி, காற்றில் வரும் மணல் ஆகியவை சுடாத நாளிலும் வந்து சேரும். சுடவில்லையே, ஏன் துடைக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

கருவிகளைத் தெரிந்தெடுத்தல்

அழுக்கு இன்னதென்று அறிந்தால் பொருள்களைத் தெரிந்தெடுப்பது எளிது. வேண்டியவை சிலவே.

புல்த்ரூ: முனையில் எடையும் மறுமுனையில் துணி மாட்டும் கண்ணியும் கொண்ட கயிறு இது. எடையைத் தோட்டா அறையின் பக்கமாக உள்ளே விட்டுக் குழல் வாயின் வழியே இழுக்க வேண்டும். இழுக்கும்போது கயிறு குழலுக்கு நேராக இருக்க வேண்டும். சாய்த்து இழுத்தால் கயிறு குழல் வாயின் ஒரு பக்கத்தை உரசும். கிணற்றங்கரையில் கயிறு உரசிக் கல்லே தேய்ந்து பள்ளமாவதைக் கண்டவர்களுக்கு, இரும்பும் தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. குழல் வாய் தேய்ந்தால் குறி தவறும்.

கோல்: அழுத்தித் தேய்க்கக் கயிறு போதாது, கோல் வேண்டும். பித்தளைக் கோலோ மேலுறை இட்ட கோலோ நல்லது. முடிந்தால் தோட்டா அறையின் பக்கமிருந்தே செலுத்த வேண்டும். எம்-1 கேரண்ட் போன்றவற்றில் பின்புறம் மூடியிருப்பதால் வாய் வழியாகத்தான் செலுத்த முடியும். அப்போது கோல் வாயை உரசாதபடி வழிகாட்டும் குப்பி ஒன்றைப் பொருத்திக்கொள்வார்கள்.

தூரிகை: வெண்கலம் எஃகை விட மென்மையானது. அது கரியைக் கீறும், குழலைக் கீறாது. பாத்திரத்தின் முலாம் போகாமல் துலக்க நாம் நார் தேடுவதும் இதே எண்ணத்தால்தான்.

துணி: நூல் பிரியாத, நீரை உறிஞ்சும் பருத்தித் துணியாக இருக்க வேண்டும். படையில் இதைச் சிந்தி என்பார்கள். 0.303, 7.62 துப்பாக்கிகளுக்கு உலரத் துடைக்க 4 அங்குலத்துக்கு 2 அங்குலத் துண்டும், எண்ணெயிட 4 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலத் துண்டும் கொள்வது வழக்கம். எண்ணெய்த் துணி ஏன் சிறியது? இறுக்கமான துணி எண்ணெயைப் பிழிந்து விடும். தளர்ந்த துணியே அதைக் குழலில் பூசும். ஒரு சிறு அளவுக்குப் பின்னாலும் ஒரு காரணம் இருப்பதைக் காண்க.

கரைப்பான்: கரிக்கு ஒன்று, தாமிரத்துக்கு ஒன்று. அமெரிக்காவில் 1903 முதல் விற்பனையில் இருக்கும் ஹாப்பீஸ் 9 இத்துறையில் புகழ் பெற்ற பெயர். எந்தப் பெயராக இருந்தாலும் அது எதைக் கரைக்கும் என்பதே கேள்வி. அம்மோனியா உள்ள கரைப்பானை அளவுக்கு மீறி ஊற விடக்கூடாது. வீட்டில் தரை கழுவும் பிளீச்சிங் பொருளோடு அம்மோனியாவைக் கலக்கவே கூடாது. நச்சு வாயு எழும். சாளரம் திறந்திருக்க வேண்டும். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது.

எண்ணெயும் கிரீஸும்: இவை அழுக்கை எடுப்பதற்கு அல்ல, காப்பதற்கும் உராய்வைக் குறைப்பதற்குமே. அழுக்கின் மேல் எண்ணெய் பூசுவது குளிக்காமல் பவுடர் பூசுவதைப் போன்றது. எம்-1 கேரண்டை அடைமழையில் வைத்துச் சுட்டபோது, மெல்லிய எண்ணெய் மழைநீரில் கழுவப்பட்டுப் போல்ட் இறுகி நின்றதைக் கண்டார்கள். அதனால் உராயும் பகுதிகளுக்குக் கிரீஸ் இடும் வழக்கம் வந்தது. மணல் மிகுந்த பாலையிலோ எண்ணெய் மிகுந்தால் தூசி ஒட்டிச் சேறாகிவிடும். அங்கே மிகச் சிறிதளவே இட வேண்டும். கடுங்குளிரில் கெட்டியான எண்ணெய் உறைந்து இயக்கத்தைத் தடுக்கும். ஊருக்கேற்ற உடை போல, தட்பவெப்பத்துக்கேற்ற எண்ணெய்.

துடைக்கும் முறை

முதல் விதி பாதுகாப்பு. பொறுப்பான அதிகாரியோ பயிற்சியாளரோ முன்னிற்க, பாதுகாப்பான திசையில் குழலைத் திருப்பி வைத்து, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும்; பிறகே போல்ட்டைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளே இருக்கும்போது போல்ட்டை இழுத்து விட்டால், காலி செய்வதாக எண்ணிக்கொண்டே ஒரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடுவோம். அறை காலியா என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு அறிய வேண்டும். துடைக்கும் மேசையில் ஒரு தோட்டா கூட இருக்கலாகாது.

அடுத்து, பயிற்சியில் கற்றபடி பகுதிகளைக் கழற்றி வரிசையாக வைக்க வேண்டும். உப்பு விடும் பழைய தோட்டாவைச் சுட்டிருந்தால் முதலில் கொதிநீர். பிறகு கரைப்பான் தோய்ந்த துணி. சற்று ஊறியபின் தூரிகை. தூரிகை குழலின் மறுமுனையில் முழுவதும் வெளிவந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும். நடுவழியில் திருப்பினால் கம்பிகள் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். பிறகு துணிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தி, துணி வெள்ளையாக வரும் வரை துடைக்க வேண்டும்.

தோட்டா அறையைத் தனியே துடைக்க மறக்கலாகாது. குழலை விட அகலமான பகுதி அது. குழலுக்குரிய தூரிகை அங்கே தொடாமலே போய்விடும். பிஸ்டனையும் வாயு செல்லும் உருளையையும் கரி நீக்கி உலர்வாக விட வேண்டும். அங்கே எண்ணெய் இட்டால் அந்த எண்ணெயே சூட்டில் தீய்ந்து புதிய கரியாகும். எஸ்.எல்.ஆரில் வாயுவின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. கரி சேர்ந்து இயக்கம் மந்தமானால் அதைத் திருகி அதிக வாயுவைச் செலுத்திச் சமாளிக்கலாம். ஆனால் அது தற்காலிக வழியே. துடைப்பதற்கு மாற்று அல்ல.

கடைசியாகக் குழலிலும் மற்ற இரும்புப் பகுதிகளிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. மறுபடி சுடும் முன் குழலையும் அறையையும் உலரத் துடைத்துவிட வேண்டும். அறையில் எண்ணெய் இருந்தால், வெடிக்கும்போது தோட்டா உறை அறைச் சுவரைப் பற்றி நிற்காமல் வழுக்கிப் போல்ட்டை வேகமாகத் தாக்கும். காப்பதற்கு இட்டதைக் காலத்தில் நீக்கவும் தெரிய வேண்டும்.

துடைக்க வேண்டாம் என்றதன் விலை

இவ்வளவு நுணுக்கம் தேவைதானா என்று தோன்றலாம். வியட்நாம் போரில் நடந்ததைக் கேளுங்கள்.

யூஜின் ஸ்டோனர் என்பவர் வடிவமைத்த ஓர் இலகுவான துப்பாக்கியை எம்-16 என்ற பெயரில் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. ஒவ்வொரு குண்டாகவும், விசையை மாற்றி வைத்தால் தொடர்ச்சியாகவும் சுடக்கூடியது அது. அதன் அமைப்பில் வாயு ஒரு சிறு குழாய் வழியே நேராகப் போல்ட் இருக்கும் பகுதிக்கே வந்து சேர்கிறது. 1965 முதல் அது பெருமளவில் வியட்நாமுக்கு அனுப்பப்பட்டது. இந்தப் புதிய துப்பாக்கிக்கு அதிகம் துடைப்பே தேவையில்லை என்ற பேச்சு வீரர்களிடையே பரவியிருந்தது. துடைக்கும் கருவிகளும் போதிய அளவு அனுப்பப்படவில்லை. பலரிடம் கோலே இல்லை.

இதற்கிடையே, 1964-ல் தோட்டாவுக்குள் இடும் வெடிமருந்தின் வகை மாற்றப்பட்டது. சோதனை செய்தபோது இருந்த மருந்தை விடப் புதிய மருந்து அதிக அழுக்கை விட்டது. துப்பாக்கியின் இயக்க வேகத்தையும் கூட்டியது. தோட்டா அறைக்குக் குரோமியம் முலாம் இடப்படவில்லை. வியட்நாமோ மழையும் வெப்பமும் ஈரமும் நிறைந்த நாடு. அறையின் சுவரில் துருப்பிடித்துச் சிறு குழிகள் விழுந்தன. வெடித்து விரிந்த தோட்டா உறை அக்குழிகளில் பற்றிக்கொண்டு வெளியே வர மறுத்தது. அதை எடுக்க ஒரே வழி, குழல் வாய் வழியே கோலைச் செலுத்திக் குத்தித் தள்ளுவதுதான். பகைவர் எதிரே நிற்கையில், கோலும் இல்லாதவன் என்ன செய்வான்?

1967 ஏப்ரல், மே மாதங்களில் கேசான் அருகே குன்றுகளில் கடும் போர் நடந்தது. துப்பாக்கி சிக்கிக்கொண்ட நிலையில் வீரர்கள் மடிந்ததாகக் களத்திலிருந்து கடிதங்கள் வந்தன. சிலர் தங்கள் வீட்டாருக்கு எழுதி, துடைக்கும் பொருள்களை அனுப்பி வைக்கும்படி கேட்டார்கள். மகன் இனிப்பையோ கம்பளியையோ கேட்காமல், துப்பாக்கியைத் துடைக்க எண்ணெய் கேட்டு எழுதிய கடிதத்தைப் படித்த தாயின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அக்கடிதங்கள் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கும் சென்றன. ரிச்சர்ட் இக்கார்ட் என்பவரின் தலைமையில் அமைந்த நாடாளுமன்றத் துணைக்குழு 1967-ல் விசாரணை நடத்தி, அக்டோபரில் அறிக்கை தந்தது. வெடிமருந்தை மாற்றியதையும், படை நிர்வாகத்தின் கவனக் குறைவையும் அது கடுமையாகக் குறை கூறியது.

பிறகு வந்த திருத்தங்கள் எளியவையே. தோட்டா அறைக்குக் குரோமியம் முலாம் இட்டார்கள். கோலும் தூரிகையும் கரைப்பானும் எல்லாருக்கும் கொடுத்தார்கள். துடைக்கும் முறையைக் கற்பிக்க, புகழ் பெற்ற சித்திரக்கதைக் கலைஞர் வில் ஐஸ்னரைக் கொண்டு 32 பக்க வண்ணப் படக்கதை ஒன்றை 1968-ல் வெளியிட்டார்கள். பின்னர் துப்பாக்கியின் பின்கட்டையிலேயே துடைக்கும் கருவிகளை வைக்க ஒரு சிறு அறையும் அமைத்தார்கள். 0.303 துப்பாக்கியின் பின்கட்டையில் புல்த்ரூவும் எண்ணெய்ப் புட்டியும் வைக்க முன்பே இடம் இருந்தது! பழையவர்கள் அறிந்திருந்ததைப் புதியவர்கள் உயிர்களை விலையாகக் கொடுத்து மறுபடி கற்றார்கள்.

நாம் அறிய வேண்டியது

துப்பாக்கியைப் படைத்தவர் அறிஞர், ஏந்தியவர் வீரர். இருவரையும் உலகம் போற்றுகிறது. துடைக்கும் வேலையை மட்டும் சில்லறை வேலை என்று எண்ணுகிறது. ஆனால் அறிஞரின் திறமையும் வீரரின் துணிவும் ஒரு துண்டுத் துணியையும் ஒரு கோலையும் நம்பியிருந்தன என்பதையே மேற்கண்ட வரலாறு காட்டுகிறது. அந்த வீரர்கள் சோம்பேறிகள் அல்லர். அவர்களுக்குத் துணியும் கோலும் தரப்படவில்லை. அழுக்கைப் பற்றிய உண்மையும் சொல்லப்படவில்லை. நாளை நீங்கள் ஒரு மருத்துவமனையிலோ தொழிற்கூடத்திலோ பள்ளியிலோ பொறுப்பேற்கும்போது, உங்கள் கீழ் வேலை செய்பவர்களுக்குப் பெரிய இயந்திரத்தை வாங்கித் தருவதோடு, அதைத் துடைக்கும் பொருளையும், துடைக்கும் அறிவையும் சேர்த்தே தருவது உங்கள் கடமை.

இப்போது கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

1. எண்ணெய் பூசிய பின்னும் குழல் துருப்பிடித்தது ஏன்? அதற்குத் தண்ணீர் மருந்தானது எவ்வாறு?

2. துடைத்த துணி நீலமாக வந்தது. இது குழலிலுள்ள தாமிரத்தால் வந்ததா, பித்தளை முனையால் வந்ததா என்பதை எப்படிக் கண்டறிவாய்?

3. மேகசினைக் கழற்றும் முன் போல்ட்டை இழுத்தால் நேரக்கூடிய ஆபத்து யாது?

4. கார்பைன் துப்பாக்கியின் தோட்டாக்களுக்கு மட்டும் தொடக்கத்திலேயே உப்பு விடாத மருந்தைத் தெரிந்தெடுத்தது ஏன்?

5. உன் வீட்டில் உள்ள ஒரு கருவியை எடுத்துக்கொள். அதில் சேரும் அழுக்குகள் எத்தனை வகை? ஒவ்வொன்றுக்கும் உரிய பொருள் எது? அந்த வேலையை இதுவரை செய்து வருபவர் யார்? அவரைக் கேட்டு எழுது.